ஈர விறகும் பதினோரு நிமிடமும்: கேம்ப்ஃபயருக்கு வீட்டிலேயே செய்த தீமூட்டிகள்

போன வருடம் டிசம்பர் கடைசி வாரம், திண்டுக்கல் மாவட்டத்து மலையூரான தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் மாமாவின் காபித் தோட்டத்தில் குடும்பத்தோடு ஒரு ராத்திரி தங்கினோம். சித்தரேவு தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியதிலிருந்தே பிள்ளைகள் "கேம்ப்ஃபயர் எப்போ?" என்று கேட்டபடி வந்தார்கள். ஆறரை மணிக்கெல்லாம் பனி இறங்கிவிட்டது. கவாத்து வெட்டிப் போட்ட காபிக் குச்சிகளையும் சில்வர் ஓக் கிளைகளையும் அள்ளிக் குவித்து, அடியில் நாளிதழைச் சுருட்டி வைத்துப் பற்ற வைத்தேன். பேப்பர் எரிந்தது, குச்சி புகைந்தது, அவ்வளவுதான். ஒரு தீப்பெட்டி காலியானது. முக்கால் மணி நேரத்தில் எல்லோருடைய கண்ணும் சிவந்ததுதான் மிச்சம்.

மச்சான் பொறுமை இழந்து பைக்கிலிருந்து அரை டம்ளர் பெட்ரோல் எடுத்துவந்து ஊற்றினார். குனிந்து குச்சியைக் கிழித்த வேகத்தில் 'குப்'பென்று ஆளுயரத்துக்கு எழுந்தது. அவருடைய புருவமும் முன்கை முடியும் கருகின. பெட்ரோல் விறகின் மேல் மட்டும் நிற்பதில்லை, ஆவியாகித் தரையோடு பரவி நம் காலடிக்கும் வந்துவிடும். நாலு வயதுக் குழந்தை இரண்டு எட்டு தள்ளித்தான் நின்றிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. இத்தனைக்கும் அந்தத் தீ ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. மேல் பட்டை கருத்தது, உள்ளே விறகு சில்லென்று அப்படியே கிடந்தது.

சத்தம் கேட்டுத் தோட்டத்துப் பாட்டி வந்தார். மாமாவின் தோட்டத்தில் காபிப் பழம் பறிக்கும் காலம் முழுக்க அங்கேயே தங்கி வேலை பார்ப்பவர். எங்கள் குவியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் கொட்டாங்கச்சி, அதில் சாம்பல் மூடிய நாலு கங்கு. இன்னொரு கையில் அடுப்புக்கு மேலே பரணில் கிடந்த சுள்ளி ஒரு கைப்பிடி, புகை ஏறிக் கறுத்துப்போனது. எங்கள் குவியலைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடுக்கினார். பத்து நிமிடத்தில் தீ நின்றது.

"குச்சி அணையறதுக்குள்ள விறகு காயணும்ல தம்பி? அதுக்கு நேரம் குடுக்க வேணாமா?"

இந்த வருடம் நான் செய்த அத்தனை சோதனையும் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் காற்றில்லாத அறையில் ஒரு தீக்குச்சியைக் கிழித்து, கைபேசியில் நேரம் பார்த்தேன். 14 விநாடி. ஒரு தாள் பேப்பரைக் கசக்கி எரித்தால் 40 விநாடி. ஈர விறகில் இருக்கும் தண்ணீர் முதலில் ஆவியாகிப் போனால்தான் மரம் 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு, அதை முழுக்க ஆவியாக்க வேண்டும். மரம் பற்ற 300 டிகிரி பக்கம் போக வேண்டும். 14 விநாடியில் நடக்கிற காரியமா இது? எனக்கு வேண்டியது பெரிய தீ இல்லை. சின்னதாக இருந்தாலும் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்று எரிகிற தீ.

ஆகவே வீட்டில் இருக்கிற பொருள், தெருவில் கிடைக்கிற பொருள் இவற்றை மட்டும் வைத்து ஒவ்வொன்றாகச் செய்து, மொட்டை மாடியில் ஒரு பழைய இரும்புச் சட்டிக்குள் வைத்துக் கொளுத்தி, நேரம் குறித்துக்கொண்டேன்.

முதலில் செய்தது பஞ்சும் வாசலினும். வெறும் பஞ்சு உருண்டை கண்ணை மூடித் திறப்பதற்குள் எரிந்து தீர்ந்துவிடும். அதே உருண்டையில் சுண்டைக்காய் அளவு வாசலின் தடவிப் பிசைந்தால் நாலரை நிமிடம் எரிகிறது. விளக்குத் திரியின் கதைதான்: எரிவது எண்ணெய், பஞ்சு அதைத் தூக்கிக் கொடுக்கிறது. வாசலினை முழுக்க உள்ளே ஏற்றிவிட்டால் உருண்டை பற்றவே மறுக்கும். மேல்பக்கம் கொஞ்சம் உலர்ந்த பஞ்சாக விட்டு, பற்ற வைக்கும்போது அதை விரலால் பிரித்துவிட வேண்டும். செய்ய ஐந்து நிமிடம், செலவு ஒன்றுமில்லை, மாத்திரை டப்பாவில் போட்டால் சட்டைப்பைக்குள் அடங்கும். கையெல்லாம் பிசுபிசுப்பாகும். காய்ந்த சுள்ளிக்கு இதுவே போதும். மலைப்பனிக்கு நாலரை நிமிடம் காணாது.

கற்பூரத்தைப் பலரும் சொல்வார்கள், நானும் பெரிதாக நம்பினேன். பற்றுவதில் அதற்கு ஈடில்லை, நனைந்த வில்லையைத் துடைத்துவிட்டுப் பற்ற வைத்தாலும் பற்றுகிறது. ஆனால் ஒரு வில்லை ஒன்றேகால் நிமிடத்தில் தீர்ந்தது. திறந்த டப்பாவில் வைத்த கற்பூரம் இரண்டு மாதத்தில் பாதியாக இளைத்தும்விட்டது. கற்பூரம் உருகாமலே ஆவியாகிறது என்று பள்ளியில் படித்ததுதானே, அதை அங்கே மறந்திருந்தேன். அதனால் கற்பூரத்தைத் தனித் தீமூட்டியாக நான் எடுக்கவில்லை. வேறு ஒன்றின் தலையில் வைக்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

அடுத்து மரத்தூளும் மெழுகும். இதில்தான் அதிகம் கெடுத்தேன், அதிகம் கற்றுக்கொண்டேன். முட்டை அட்டையின் குழிகளில் மரத்தூளை நிரப்பி, உருக்கிய மெழுகை ஊற்றி, ஆறியதும் குழி குழியாக வெட்டி எடுப்பது முறை. பிளாஸ்டிக் அட்டை கூடாது, காகிதக்கூழ் அட்டைதான். முதல் தடவை பிளைவுட் கடைத் தூளை வாங்கிவந்தேன். எரிந்தபோது பசை வாடை தொண்டையைப் பிடித்தது. முப்பது குழியையும் குப்பையில் போட்டேன். அந்தத் தீயில் பிள்ளைகள் சோளம் சுடுவார்கள், பசைப் புகை அதில் படக் கூடாது. இரண்டாவது தடவை கதவு நிலை செய்கிற ஆசாரியிடம் கேட்டேன். வேம்பும் தேக்கும் இழைத்த சீவலை ஒரு சாக்கு நிறையக் கட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதையாவது ஒழுங்காகச் செய்தேனா என்றால், கட்டைவிரலால் குழிக்குள் இறுக்கி அமுக்கிவிட்டேன். மெழுகு உள்ளே இறங்கவே இல்லை. மேலே மெழுகு ஓடு, கீழே வெறும் தூள். எரியும்போது மேல் ஓடு தீர்ந்ததும் புகைய ஆரம்பித்துவிட்டது.

மூன்றாவது தடவைதான் கை வந்தது. சீவலையும் நயம் தூளையும் சரிபாதி கலந்து, மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டேன். குழியில் தளர்வாகக் கொட்டி, மெழுகை இரண்டு தடவையாக ஊற்றினேன். முதல் ஊற்று அடிவரை இறங்கட்டும் என்று விட்டு, அது பால்போல வெளுக்கும் நேரத்தில் இரண்டாவது ஊற்று. அட்டையின் விளிம்பு மட்டும் மெழுகு படாமல் ஒரு விரல் அளவு நிற்க வேண்டும், அதுதான் திரி. இந்தக் குழி ஒன்று 11 நிமிடம் 20 விநாடி எரிந்தது. என் குறிப்பேட்டில் அந்த எண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருக்கிறேன்.

மெழுகு உருக்குவதில் ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். நேராக அடுப்பில் ஏற்றாதீர்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் மெழுகுக் குவளையை இறக்குங்கள். மெழுகுவர்த்தி மெழுகு 60 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடும், கொதிநீர்ச் சூடு 100 டிகிரிக்கு மேல் போகாது. நேரடித் தீயில் மெழுகு 200 டிகிரி தொட்டால் அதன் ஆவி தீ பட்டதும் பற்றும் நிலைக்கு வந்துவிடும். அப்படிப் பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தீ சிதறிக் கூரைக்கு ஏறும். பக்கத்தில் தட்டு ஒன்று வைத்துக்கொண்டு, அதைப் போட்டு மூடி, அடுப்பை அணைத்துவிட வேண்டும். மெழுகுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கரண்டு போகும் நாளில் எரித்த மெழுகுவர்த்தித் துண்டு, பிறந்தநாள் மெழுகுவர்த்தி என்று வீட்டில் சேர்வதே போதும். தெருவில் சொல்லிவைத்தேன், ஒரு மாதத்தில் ஒரு கிலோ சேர்ந்தது.

ஆனால் எனக்குப் பிடித்தது தென்னை நார்தான். அய்யம்பாளையம் பக்கம் ஒரு தோப்பில் உரித்த மட்டைகளை வாங்கிவந்தேன். மட்டையை அப்படியே பிய்த்துப் போட்டால் புகையும், எரியாது. நாருக்கு நடுவில் இருக்கிற பழுப்புச் சோறு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிற பொருள், காற்றின் ஈரத்தையும் இழுக்கும். மட்டையைக் கல்லில் வைத்து உலக்கையால் அடித்து, உதறி, சோறு முழுக்கக் கொட்டிய பிறகு கையில் நிற்கிற பொன்னிற நார்தான் வேண்டும். அதைச் சுண்டுவிரல் கனத்துக்குக் கயிறாக முறுக்கி, விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மெழுகில் முக்கால் பாகம் தோய்த்து எடுத்தேன். பிடித்த முனையைப் பிரித்துவிட்டால் குஞ்சம்போல நிற்கும். ஒதுக்கி வைத்த கற்பூரம் இங்கே உதவிற்று. கால் வில்லையைக் குஞ்சத்துக்குள் செருகி, அதன் மேல் மெழுகு ஒரு சொட்டு விட்டுவிட்டேன். மெழுகு மூடியபின் கற்பூரம் இளைக்கவில்லை. இந்தச் சுருள் ஒன்று 7 நிமிடம், இரண்டைச் சேர்த்து முறுக்கினால் 10. தண்ணீர் வாளியில் கால் மணி நேரம் ஊறப்போட்டு எடுத்து, உதறிப் பற்ற வைத்தேன், பற்றியது. அன்றைக்கு மாடியில் தனியாக நின்று கைதட்டினேன்.

தீப்பெட்டியையும் விடவில்லை. பனியில் கெடுவது குச்சி மட்டும் இல்லை, பெட்டியின் பக்கப் பட்டையும்தான். அதில்தான் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. ஈரம் பட்டால் நாலு உரசலில் உரிந்து வந்துவிடும். அதற்காகப் பட்டையை மட்டும் வெட்டி, குச்சிகளோடு மூடி திருகும் மாத்திரை டப்பாவில் போட்டுவிட்டேன். குச்சித் தலைகளை மெழுகில் ஒரு முக்கு. கிழிக்கும் முன் நகத்தால் தலையின் மெழுகைச் சுரண்டினால் போதும். 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயான அதே தீப்பெட்டிதான். இந்தச் சின்ன வேலை செய்தபின் ஒரு குச்சிகூட ஏமாற்றவில்லை.

பிறகு, தேவை என்று இல்லாமல் ஆசைக்காகவே ஒன்று செய்தேன். சக்கிமுக்கி. எங்கள் திண்டுக்கல் பக்கம் காட்டு வரப்புகளில் வெள்ளை வெளேரென்று வெங்கச்சாங்கல் கிடக்கும். சின்ன வயதில் இரண்டு கல்லை உரசி இருட்டில் மினுக்கம் பார்த்திருப்போம். அந்த மினுக்கத்தில் தீ பிடிக்காது. கல்லின் கூர்விளிம்பால் எஃகைச் சீவ வேண்டும். சீவப்பட்ட எஃகுத் துகள்தான் காற்றில் பட்டு எரிந்து பொறியாகத் தெறிக்கிறது. கல் எரிவதில்லை. அதற்குக் கார்பன் கூடிய கடின எஃகு வேண்டும். தேய்ந்துபோன பழைய அரம் எனக்கு வாய்த்தது. சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளையும் முயன்றேன். அது துருப்பிடிக்காத ரகம், தடிமனும் அதிகம், எதற்கும் ஆகவில்லை.

பொறியை வாங்கிக்கொள்ளக் கரித்துணி வேண்டும். அப்பாவின் பழைய பருத்தி வேட்டியைக் கைக்குட்டை அளவில் கிழித்து, பிஸ்கட் தகர டப்பாவில் அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை போட்டுத் தணலில் வைத்தேன். துளை வழியே வெள்ளைப் புகை நூல்போல வரும். கால் மணி நேரத்தில் அது நின்றதும் டப்பாவை எடுத்து, துளையில் குச்சி அடைத்து, முழுக்க ஆறும்வரை தொடக் கூடாது. முதல் தடவை அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தேன், காற்றுப் பட்டதும் துணி கண்முன்னே சிவந்து சாம்பலானது. இரண்டாவது தடவை கிழித்த துணியில் பாதி பாலியஸ்டராம், தார்போல உருகி டப்பாவில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை நூல் பின்னல்கூடக் கலையாமல் கன்னங்கரேலென்று, தொட்டால் பட்டுபோல வந்தது.

அந்தத் துணியைக் கல்லின் விளிம்போடு சேர்த்துப் பிடித்து, அரத்தால் மேலிருந்து கீழாக இழைத்து அடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து அடிக்குப் பிறகு ஒரு பொறி துணியில் உட்கார்ந்தது. ஊசிமுனை அளவு சிவப்பு. அணைந்துவிடும் என்று மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அணையவில்லை. மெல்ல, மிக மெல்ல, விளிம்பு மட்டும் சிவந்த வளையமாக அகன்றது. உளுந்தளவு, பிறகு நெல்லிக்காய் அளவு. அதை எடுத்து, தேங்காய் நாரையும் பன்னாடையையும் சேர்த்துக் குருவிக்கூடு மாதிரி கட்டி வைத்திருந்ததன் நடுவில் வைத்து மூடி, உள்ளங்கையில் ஏந்தி ஊதினேன். நீளமாக, நிதானமாக ஊத வேண்டும். வெள்ளைப் புகை மஞ்சளாகத் தடித்தது. அடுத்த மூச்சில் கூடு முழுக்கப் பற்றியது. அக்கா மகன் அலறிக்கொண்டு ஓடி, உடனே திரும்பி வந்து "மாமா, எனக்கு" என்று கையை நீட்டினான். அன்று சாயங்காலம் அவனே இரண்டு முறை பற்ற வைத்தான்.

கட்டையில் கோலைக் கடைந்து தீ எடுக்கும் தீக்கடைகோலும் முயன்றேன். புகை வரை வந்தேன், தணல் விழவில்லை, உள்ளங்கைத் தோல் உரிந்தது. சங்ககாலத்தில் அதற்கு ஞெலிகோல் என்று பெயர். அதியமானைப் பாடிய புறநானூற்றுப் பாட்டில் ஔவையார் அதை வீட்டு இறவாரத்தில் செருகி வைத்த ஞெலிகோல் என்கிறார். கூரைக்கடியில், மழை படாமல் வைத்திருந்திருக்கிறார்கள். அது ஏன் அங்கே இருந்தது என்று யோசித்தபோதுதான் பாட்டி கொண்டுவந்த பரண் சுள்ளி எனக்கு முழுதாகப் புரிந்தது. என் கடைகோல் அதுவரை பால்கனியில், மழைச்சாரலில் கிடந்தது.

இந்த டிசம்பரில் மறுபடியும் தாண்டிக்குடி. பெரும்பாறையைத் தாண்டும்போதே தூறல். சாயங்காலம் நின்றாலும் மண் சொதசொதவென்று இருந்தது. வீட்டுக்கு முன்னால் உள்ள களத்தில், மரங்களுக்கு வெளியே இடம் பார்த்தோம். சுற்றிப் பத்தடிக்குச் சில்வர் ஓக் சருகை முழுக்கக் கூட்டி அள்ளினோம். இரண்டு குடம் தண்ணீர் பக்கத்தில் வைத்தபிறகுதான் டப்பாவை எடுத்தேன். இதைத் தோட்டத்துக்குள், உரிமையாளர் அனுமதியோடு மட்டும் செய்யுங்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். பிப்ரவரி தொடங்கிக் கோடை முடியும்வரை மலைப்பக்கம் திறந்தவெளியில் நான் தீக்குச்சியைத் தொடுவதே இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். தேனியில் சொந்தக்காரர்கள் உள்ள எங்களால் அதை மறக்க முடியாது.

ஈர மண்ணில் நேராக அடுக்கவில்லை. கைத்தடிமன் கட்டை நாலைப் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து மேடை கட்டினேன். வெளியே நனைந்த கட்டையைக் கொடுவாளால் பிளந்தால் உள்ளே உலர்ந்திருக்கும். அந்த உள்மரத்தை மெல்லிய சிலாம்பாகச் சீவி, சீவல் கட்டையிலேயே சுருண்டு நிற்கும்படி விட்டேன். தீக்குச்சிக் கனம், பென்சில் கனம், பெருவிரல் கனம் என்று மூன்று குவியல் தனித்தனியே. போன வருடம் எல்லாவற்றையும் கலந்து ஒரே மூட்டையாகப் போட்டதில் காற்றுப் போக வழியே இல்லாமல் இருந்தது. மலைவாழை மரத்தில் தொங்கிய பழஞ்சருகின் உள்மடிப்பு அத்தனை தூறலிலும் நனையாமல் இருந்தது, அதையும் ஒரு கைப்பிடி சேர்த்தேன்.

நடுவில் ஒரு மரத்தூள் குழி, அதன்மேல் ஒரு நார்ச் சுருள். ஒரு குச்சி கிழித்தேன். கற்பூரம் பற்றியது, நார் பற்றியது, அட்டை விளிம்பு பற்றியது. அதற்குப் பிறகு நான் செய்ய ஒன்றுமில்லை. இரண்டாவது நிமிடம் மெல்லிய குச்சிகள் உஸ்ஸென்று சீறின, முனைகளில் நுரை கொப்பளித்தது. தண்ணீர் வெளியேறுகிறது. போன வருடம் இந்தக் கட்டத்தில்தான் எங்கள் பேப்பர் தீர்ந்து போனது. நாலாவது நிமிடம் சீறல் குறைந்து வெடிப்புச் சத்தம் வந்தது. ஏழாவது நிமிடம் பெருவிரல் கனக் குச்சிகள் பற்றின. அதன்மேல் உடைத்த கொட்டாங்கச்சிகளைப் போட்டேன். பற்றத்தான் அவை சுணங்கும், பற்றிவிட்டால் அந்தச் சூட்டுக்கு எந்தப் பச்சை விறகும் வழிவிடும். ஒன்பதாவது நிமிடம் காபிக் கட்டை. கீழே குழி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

மச்சான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளியே போட்டுக்கொண்டார். பிள்ளைகள் சோளம் சுட்டார்கள். பதினொன்றரைக்குத் தணலைக் கிளறிக் கிளறி இரண்டு குடத்தையும் ஊற்றினோம். புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரிந்தபிறகே படுக்கப் போனோம்.

காலையில் மிச்சம் இருந்த பதினாலு நார்ச் சுருளையும் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றை முகர்ந்து பார்த்து, "கற்பூரம் வச்சிருக்கியா" என்றார். இரண்டை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குக் கங்கு இருக்கு. மழை பிடிச்சு அடுப்பு அணைஞ்ச அன்னிக்கு இது ஆகும்." சொல்லிவிட்டு, முக்காலியில் ஏறி, அந்த இரண்டையும் அடுப்புக்கு மேல் பரணில், சுள்ளிக்கட்டுக்குப் பக்கத்தில் செருகினார். மெழுகு உருகும், அடுப்புச் சூடு படாத ஓரமாக வையுங்கள் என்றேன். ஒரு முழம் தள்ளிச் செருகினார்.